பழைய பாணித் திசைகாட்டியும் வெளிக்களப் பயணமும்

பித்தளைப் பெட்டியும் வேலைப்பாடமைந்த மூடியும் கொண்ட பழைய பாணித் திசைகாட்டிகள் இந்நாளில் கைவினைக் கடைகள் பலவற்றில் கிடைக்கின்றன. முற்கால மாலுமிகளின் கருவியை ஒத்த இவற்றைப் பெரும்பாலோர் மேசையின் அழகுக்கென்றே வாங்குகின்றனர். ஆயினும் ஊசி செவ்வையாக இயங்கும் திசைகாட்டியொன்றைச் சிறு மாற்றங்களின் மூலம் காட்டிலும் மலையிலும் பயன்படும் கருவியாக ஆக்கிக்கொள்ள இயலும். அதற்கு முன் அதனைச் சோதித்தறிதல் இன்றியமையாததாகும்.

திசையில் 1 பாகை தவறினால், 1 கிலோமீட்டர் நடந்து முடிக்கும்போது சுமார் 17 மீட்டர் விலகி நிற்போம். 5 பாகை தவறினால் விலகல் 87 மீட்டர். அதே பிழையுடன் 4 கிலோமீட்டர் சென்றால் ஏறத்தாழ 350 மீட்டர். திறந்த வெளியில் இது பெரிதாகத் தோன்றாது. அடர்ந்த காட்டிலோ, பொழுது சாயும் வேளையில் நீர்நிலையையோ முகாமையோ காணாமல் கடந்து செல்ல இவ்விலகலே போதும்.

முதற் சோதனைகள்

திசைகாட்டியைச் சமமான மரப்பலகைமீது வைத்து, ஊசி ஓய்ந்தபின் அது காட்டும் பாகையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஓர் இரும்புச் சாவியை அருகிற் கொணர்ந்து ஊசியை அசைத்து, சாவியை அகற்றிவிட வேண்டும். இவ்வாறு 5 முறை செய்தாலும் ஊசி ஒரே இடத்துக்குத் திரும்புமாயின் அதனைத் தாங்கும் கூர்முனை நன்னிலையில் உள்ளது எனலாம். 2 பாகைக்கு மேல் வேறுபாடு காணின் முனை மழுங்கியிருத்தல் கூடும். அத்தகைய கருவி களத்துக்கு உதவாது.

அடுத்து, ஊசி அசையாதிருக்கப் பெட்டியை மட்டும் மெல்லத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். பெட்டியுடன் ஊசியும் இழுபட்டுத் திரும்பினால், திருகாணியோ கீல் முளையோ பித்தளை முலாம் பூசிய இரும்பாக இருக்கலாம். அதனை நீக்கி மெய்யான பித்தளைத் திருகாணியைப் பொருத்தினால் குறை தீரும்.

ஊசியின் சரிவு

புவியின் காந்த விசை கிடைமட்டமாக மட்டும் இயங்குவதன்று. நம் நாட்டின் பெரும்பகுதியில் அது ஊசியின் வடமுனையைக் கீழ்நோக்கி இழுக்கிறது. இதனைக் காந்தச் சரிவு என்பர். குமரி முனைக்கு அருகில் இச்சரிவு மிகச் சிறிது. தில்லியில் 40 பாகைக்கு மேல். காஷ்மீரத்தில் 50 பாகையையும் கடக்கிறது. லண்டன் நகரில் அது சுமார் 66 பாகையாகும்.

இவ்விழுப்பை ஈடுசெய்யும் பொருட்டு ஊசியின் தென்பாதியில் சிறு எடை சேர்ப்பது வழக்கம். ஆகவே வட ஐரோப்பாவுக்கென நிறைசெய்த ஊசி தென்னிந்தியாவில் தென்முனை தாழ்ந்து நிற்கும். சில சமயம் அடித்தட்டில் உரசிச் சுழலாமலும் நின்றுவிடும். ஊசி பழுதுற்றதெனப் பலர் கருதுவது இதனாலேயே. கண்ணாடியைக் கழற்றக்கூடிய கருவியாயின், உயர்ந்து நிற்கும் முனையில் மயிரிழை போன்ற செம்புக் கம்பியை ஒரு சுற்றுச் சுற்றி, ஊசி சமமாகும் வரை அதனை முன்பின் நகர்த்தினால் போதும். இரும்புக் கம்பியை இதற்குப் பயன்படுத்தலாகாது.

அடித்தகடு அமைத்தல்

பழைய திசைகாட்டியின் பெருங்குறை, அது வடக்கைக் காட்டுமேயன்றி, நிலப்படத்தில் அளந்த திசையில் நடக்க எளிதில் உதவாமையே. அடித்தகட்டின்மேல் சுழலும் திசைகாட்டி 1930-களில் சுவீடன் நாட்டில் உருவாகி இக்குறையை நீக்கியது. அதே அமைப்பைப் பித்தளைத் திசைகாட்டிக்கும் செய்துகொள்ளலாம்.

18 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தெளிந்த பிளாஸ்டிக் தகட்டின் நடுவே, நீளவாக்கில் ஒரு நேர்கோடு வரைந்து, ஒரு முனையில் அம்புக்குறி இடவேண்டும். எழுதுபொருட் கடைகளில் கிடைக்கும் 360 பாகை முழுவட்டப் பாகைமானியை இக்கோட்டின்மீது வைத்து, அதன் மையத்தில் பித்தளைத் திருகாணியால், சுழலுமாறு பொருத்த வேண்டும். திருகாணியின் தலை மேலே துருத்தலாகாது. பாகைமானியின் 0 குறிக்கு நேராகப் பெட்டியின் வடக்குக் குறி அமையுமாறு, திசைகாட்டியை அதன்மேல் நடுவாக ஒட்டிவிட வேண்டும். எண்கள் கடிகார முள் செல்லும் போக்கில் ஏறுவனவாக இருத்தல் அவசியம். மூடி எண்களை மறைக்குமாயின் அதனைக் கழற்றித் தனியே வைக்கலாம்.

பயன்படுத்தும் முறை எளியது. தகட்டின் நீள விளிம்பை நிலப்படத்தில் புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் இணைக்குமாறு, அம்புக்குறி சேருமிடத்தை நோக்க வைக்க வேண்டும். பாகைமானியின் 0–180 கோடு படத்தின் வடக்குக் கோடுகளுக்கு இணையாகி, 0 படத்தின் வடக்கை நோக்கும் வரை பெட்டியைத் திருப்ப வேண்டும். இப்போது அம்புக்குறியின்மேல் நிற்கும் எண்ணே திசைக்கோணம். பின்னர்க் கருவியைக் கையில் மட்டமாக ஏந்தி, ஊசியின் வடமுனை பெட்டியின் வடக்குக் குறியிற் படியும் வரை உடலோடு திரும்ப வேண்டும். அம்புக்குறி செல்லவேண்டிய வழியைக் காட்டும்.

உண்மை வடக்கும் காந்த வடக்கும்

ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடையேயுள்ள கோணம் காந்த ஒதுக்கம் எனப்படும். இந்தியாவில் பெரும்பாலும் அது 3 பாகைக்குள் அடங்கும்; வடக்கே கிழக்காகவும் தென்கோடியில் மேற்காகவும் அமைகிறது. இவ்வளவு ஆண்டுதோறும் சிறிது மாறுவதால், இந்திய நில அளவைத் துறையின் படத்தில் குறித்துள்ள அளவோடு அது எந்த ஆண்டுக்குரியது என்பதையும் பார்த்தல் வேண்டும். படத்தில் அளந்த கோணத்திலிருந்து கிழக்கு ஒதுக்கத்தைக் கழிக்க வேண்டும். மேற்கு ஒதுக்கத்தைக் கூட்ட வேண்டும்.

உண்மை வடக்கை அறிய சூரிய சித்தாந்தம் முதலிய நூல்கள் கூறும் சங்கு முறை இன்றும் பயன்படும். சமதரையில் ஒரு கோலைச் செங்குத்தாக நட்டு, அதனை மையமாகக் கொண்டு ஒரு வட்டம் வரைய வேண்டும். முற்பகலிலும் பிற்பகலிலும் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இரு புள்ளிகளை இணைக்கும் கோடு கிழக்கு மேற்காகும். அதற்குச் செங்குத்தான கோடு தென்வடல். இதனின்றும் ஊசி 5 பாகைக்கு மேல் விலகின், கருவியிலோ சுற்றுப்புறத்திலோ கோளாறு உள்ளதென அறியலாம்.

சுற்றுப்புறத்தின் இடையூறு

பம்பாய்க் கொலாபாவில் 1841 முதல் நடைபெற்ற காந்த அளவீடுகள், நகரில் மின்சார டிராம் வரவிருந்ததை முன்னிட்டு, 1904-இல் அலிபாகுக்கு மாற்றப்பட்டன. நுண்கருவிகளுக்கே இத்தகைய காப்பு வேண்டியிருந்ததெனில், கைத்திசைகாட்டிக்கும் எச்சரிக்கை தேவையென்பது தெளிவு. கைபேசியின் ஒலிபெருக்கியில் காந்தம் உண்டு. அதைத் திசைகாட்டியோடு ஒரே பையில் வைத்தல் கூடாது. வண்டி, கம்பிவேலி, மின்கம்பி ஆகியவற்றிலிருந்து, ஊசி மேலும் மாறாத தொலைவுக்கு விலகி நின்றே அளத்தல் வேண்டும்.

சேலத்துக் கஞ்சமலை போன்ற காந்த இரும்புத் தாதுப் பகுதிகளிலும், தக்காணத்து எரிமலைப் பாறைகளின் மீதும் ஊசி தடுமாறக்கூடும். அங்கே முன்னும் பின்னும் அளந்து பார்த்தலே வழி. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அளந்த கோணமும், அங்கிருந்து திரும்ப அளந்த கோணமும் சரியாக 180 பாகை வேறுபட வேண்டும். வேறுபடாவிடின் ஓரிடத்திலேனும் பாறையின் கவர்ச்சி உள்ளது.

பள்ளிகளில் இக்கருவியைப் பழக்க மைதானமே போதும். ஓரிடத்தில் முளை அடித்து, 0 பாகையில் 50 அடிவைப்புகளும், 120 பாகையில் 50-உம், 240 பாகையில் 50-உம் நடந்தால் மாணவர் முளைக்கே திரும்பி வருதல் வேண்டும். முளைக்கும் அவர் நின்ற இடத்துக்கும் உள்ள தொலைவு, கருவியின் பிழையும் நடையின் பிழையும் சேர்ந்ததாகும். அது இரண்டு மூன்று அடிவைப்புகளுக்குள் சுருங்கும் வரை பயின்ற பின்னரே, குழுவைக் காட்டுக்கோ மலைக்கோ அழைத்துச் செல்லுதல் தகும்.