காற்றைக் கணக்கிட்டவர்கள்

இரண்டாவது உலக மகாயுத்தத்தில், இங்கிலாந்தின் விமானதளங்களிலிருந்து அந்தி மயங்கிய பின் ஜெர்மனியை நோக்கிக் கிளம்பிய லங்காஸ்டர் குண்டு விமானத்தில் ஏழு பேர் இருந்தார்கள். விமானியைப் பற்றியும் துப்பாக்கிக்காரர்களைப் பற்றியும் கதைகள் ஏராளம். ஆனால் விமானிக்குப் பின்புறம், விளக்கொளி வெளியே கசியாதபடி தொங்கவிட்ட திரைக்குள், சிறு மேஜைமீது தேசப்படத்தை விரித்துவைத்து, கீழே நகரம் பற்றியெரிவதைப் பெரும்பாலும் கண்ணால் காணாமலே, மணிக்கணக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேவிகேட்டரைப் பற்றி நாம் கேள்விப்படுவது சொற்பமே.

அவருடைய சாஸ்திரம் கேட்பதற்கு எளியது. திசைகாட்டி, வேகமானி, கடிகாரம் ஆகிய மூன்றும் தரும் விவரங்களைக் கொண்டு விமானம் இந்நேரம் எங்கே இருக்கவேண்டும் என்று படத்தில் குறிப்பதுதான். ஆனால் வெள்ளத்தில் அகப்பட்ட ஓடத்தைப் போல விமானத்தைக் காற்று இழுத்துக்கொண்டு போகிறது. காற்றின் வேகத்தை மணிக்கு 20 மைல் குறைவாக மதிப்பிட்டால், இரண்டு மணி நேரத்தில் 40 மைல் தவறிவிடும். நட்சத்திரங்களை அளந்து சரிபார்க்கலாமென்றால் மேகம் விடாது. விமானங்கள் எடுத்துவந்த நிழற்படங்களை ஆராய்ந்து 1941 ஆகஸ்டில் பட் என்ற அரசாங்க உத்தியோகஸ்தர் அளித்த அறிக்கை உண்மையை அம்பலப்படுத்தியது: இலக்கைத் தாக்கியதாகச் சொல்லப்பட்ட விமானங்களில் மூன்றில் ஒன்றே இலக்கிலிருந்து ஐந்து மைலுக்குள் போயிருந்தது; புகைமண்டிய ஜெர்மானியத் தொழிற்பிரதேசமான ரூரிலோ பத்தில் ஒன்றுதான்.

அதன் பிறகே 'ஜீ' என்னும் ரேடியோ சாதனமும், தரையைத் திரையில் காட்டும் ராடாரும், 1942 ஆகஸ்டில் தேர்ந்த நேவிகேட்டர்களைக் கொண்டு அமைத்த வழிகாட்டிப் படையும் வந்தன. அப்படையின் ஆரம்ப அணிகளில் ஒன்றான 35-ஆம் அணிக்கு 'மதராஸ் பிரஸிடென்ஸி' என்று பெயர் என்பதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவார்களோ!

இவ்வளவு சாதனங்கள் வந்த பின்னும் காற்று அடங்கவில்லை. 1944 மார்ச் 24 இரவு குண்டு விமானங்கள் பெர்லினைத் தாக்கச் சென்றபோது, காற்றை அளந்து தலைமையகத்துக்கு ரேடியோவில் தெரிவிக்க நியமிக்கப்பட்டிருந்த நேவிகேட்டர்களின் கணக்கில் காற்றின் வேகம் மணிக்கு 100 மைலுக்கு மேல் வந்தது. அத்தகைய வடகாற்றை எவரும் எதிர்பார்த்திராததால், சிலர் தம் கணக்கையே சந்தேகித்துக் குறைத்து அனுப்பினார்கள். தலைமையகத்தாரும் அதை நம்பாமல் மேலும் குறைத்து மற்ற விமானங்களுக்கு ஒலிபரப்பினார்கள். விமானங்கள் தெற்கே சிதறி, திரும்பும் வழியில் பல ரூர் பிரதேசத்துப் பீரங்கிகளின்மேல் போய்ச் சேர்ந்தன. அன்றிரவு 72 விமானங்கள் திரும்பவில்லை. நேவிகேட்டரின் பென்சில் சரியாகவே சொல்லிற்று. மனிதர்கள்தாம் அதை நம்பவில்லை.

கணக்குச் சரியாக அமைந்த இரவுகளில் மாண்டவர்களையும் மறப்பதற்கில்லை. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரத்தில் பல்லாயிரம் பிரஜைகள் தீக்கிரையானார்கள்.

விமானத்தில் சென்றவர்களுக்கும் இழப்பு குறைவல்ல. வழக்கமாக முப்பது தாக்குதல் பயணங்கள் முடிந்தால்தான் ஒரு குழுவுக்கு ஓய்வு. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் சேவை செய்த சுமார் 1,25,000 விமானச் சிப்பந்திகளில் 55,573 பேர் உயிரிழந்தார்கள்.