திங்கட்கிழமை நோய்

உழைக்கும் மிருகத்துக்கு ஓய்வும் நிறைந்த தீனும் கொடுப்பது நல்லதுதானே என்று எண்ணுகிறோம். ஆனால் அளவு தவறினால் அதுவே தீங்காகலாம். குதிரைகளுக்கு வரும் தசைநோய் ஒன்றைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறோம்.

உழவு இயந்திரங்கள் பெருகுமுன் ஐரோப்பாவில் ஏரையும் பாரவண்டியையும் குதிரைகள் இழுத்தன. ஞாயிறு ஓய்வுநாள். அன்றும் வழக்கமான தானியம் முழுவதும் கொடுக்கப்பட்டது. மறுநாள் வேலை தொடங்கிச் சிறிது நேரத்தில் குதிரை மிகையாக வியர்க்கும், பின்னங்கால்கள் விறைக்கும், பிட்டத்துத் தசை கல்லாக இறுகும், சிறுநீர் கோப்பி நிறத்தில் போகும். ஆகவே இதனைத் 'திங்கட்கிழமை நோய்' என்றனர். இன்று பந்தயக் குதிரைகளிலும் சவாரிக் குதிரைகளிலும் இத்தகைய நோய் காணப்படுகிறது.

காரணம் என்ன?

இந்நோயில் தசையிழைகள் சிதைகின்றன. அவற்றிலுள்ள மயோகுளோபின் என்னும் நிறப்பொருள் இரத்தத்தில் கலந்து சிறுநீருடன் வெளியேறுகிறது. அது மிஞ்சினால் சிறுநீரகம் பழுதடைந்து குதிரை இறக்கவும் கூடும்.

லாக்டிக் அமிலமே காரணம் என்று முன்னர் நம்பினர். அக்கருத்து இன்று கைவிடப்பட்டுள்ளது. சில குதிரைகளின் தசையில் கிளைக்கோஜன் என்னும் சர்க்கரைச் சேமிப்பு அளவுக்கு மிஞ்சுகிறது. இதற்கான பரம்பரைக் குறைபாடு ஒன்று 2008 இல் கண்டறியப்பட்டது. பந்தயக் குதிரைகளில் வேறொரு வகையும் உண்டு. பதற்ற சுபாவமுள்ள இளம் பெண்குதிரைகளை அது அதிகம் தாக்குகிறது.

செய்ய வேண்டியவை

1. அறிகுறி தெரிந்தவுடன் வேலையை நிறுத்த வேண்டும். நடக்க நடக்கச் சரியாகும் என்று வற்புறுத்தி நடத்தினால் தசை மேலும் சிதையும்.

2. குடிக்கத் தண்ணீர் வைத்து, மிருக வைத்தியரை அழைக்க வேண்டும். உடலில் நீர் குறைந்திருக்கையில் சில நோவு மருந்துகள் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வைத்தியர் சொல்லாமல் எதையும் கொடுக்கலாகாது.

3. குணமான பின் தானியத்தைக் குறைத்து, உலர்ந்த புல்லை முதன்மைத் தீனாக்க வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7.5 முதல் 10 கிலோ வரை போதும். கூடுதல் சக்தி தேவையெனில் தாவர எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம்.

4. நாள்தோறும் மிதமான நடை அவசியம். வேலையில்லா நாளில் தானியம் குறைய வேண்டும்.

எமது வாசகர் பலரிடம் குதிரை இல்லை, எருது உண்டு. மாட்டின் வயிறு வேறு விதமானது. எனினும் திடீரென மிகுந்த தானியம் தின்றால் அதன் இரைப்பையில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். இடம்பெயர்ந்து நெடுநாள் வேலையின்றிக் கட்டையில் நின்ற எருதை முதல் நாளே முழுநேரம் உழவில் பூட்டுவதும் தகாது. முதலில் சிறிது நேரம்; பின்னர் நாளுக்கு நாள் கூட்டுவோம். தீனையும் அவ்வாறே கூட்டுவோம். மீண்டும் விதைக்கப் போகும் குடும்பத்துக்கு ஒரு சோடி எருது பெரும் முதல்; அதை அவசரத்தால் இழக்கலாகாது.