காவலே பகையானால்

பல ஆண்டுகளுக்கு முன் பத்து வயதுச் சிறுவன் ஒருவனை அவன் தாயார் என்னிடம் தூக்கிவந்தார். சில நாட்களாகத் தீராத தாகம், ஓயாமல் சிறுநீர், உடல் துரும்பாய் இளைத்திருந்தது. மூச்சில் பழவாடை வீசியது. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தது. "மிட்டாய் வாங்கிக் கொடுத்து நானே பிள்ளையைக் கெடுத்துவிட்டேனே, ஐயா!" என்று அவர் கதறினார். அவருக்கு நான் அன்று கூறிய விடையையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

குற்றம் தாயினுடையதன்று, மிட்டாயினுடையதும் அன்று. இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்றோர் உறுப்பு உள்ளது. அதனுள் தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் திட்டுகளை 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானியர் விவரித்தார். அங்குள்ள பீட்டா அணுக்களே இன்சுலினைச் சுரக்கின்றன. நோய்க்கிருமிகளை எதிர்க்க நம் இரத்தத்தில் வெள்ளணுக்கள் என்னும் காவற்படை உண்டு. சிலரிடத்தில் அப்படை, தன்னவர் யார், அயலவர் யார் என்பதை மறந்து, பீட்டா அணுக்களையே தாக்குகிறது. இந்நோயால் இறந்த இளையோரின் கணையங்களை ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் வில்லி கெப்ட்ஸ், பலருடைய திட்டுகளில் வெள்ளணுக்கள் மொய்த்திருந்ததை 1965-இல் வெளியிட்டார்.

இப்போர் பெரும்பாலும் பல மாதங்கள், ஏன், பல ஆண்டுகள்கூட ஓசையின்றி நடக்கிறது. அணுக்களில் பெரும்பகுதி மடிந்த பின்னரே தாகம் தோன்றுகிறது. ஆகவே, திடீரென வந்ததாக நாம் எண்ணும் நோய், உள்ளே நெடுநாள் கனன்ற நெருப்பே. ஆனால், புற்றுநோயை ஒழிப்பதற்காகக் காவற்படையின் கடிவாளத்தைத் தளர்த்தும் புதிய மருந்துகளால், மிகச் சிலருக்குச் சில வாரங்களிலேயே இந்நோய் மூள்வதும் உண்டு.

1922-க்கு முன் இந்நோய் கண்ட குழந்தை பிழைப்பது அரிது. அவ்வாண்டு ஜனவரியில் டொரான்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. நூறாண்டு கழித்து, 2022-இல், காவற்படையின் சீற்றத்தைத் தணித்து நோயின் வருகையைச் சராசரியாக ஏறத்தாழ ஈராண்டு தள்ளிப்போடும் டெப்லிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்கா இசைவளித்தது. ஆயினும் நோய் முற்றியபின் உயிர் காப்பது இன்சுலினே.

அச்சிறுவனுக்கு அன்றிரவே இன்சுலினும் உப்புநீரும் செலுத்தினோம்; பிழைத்துக்கொண்டான். ஒருநாள் தாமதித்திருந்தால் என்னவாகியிருக்குமோ! ஆதலால் பெற்றோர்களே, குழந்தைக்குத் தாகமும் சிறுநீரும் மிகுந்து, உடலும் இளைக்கக் கண்டால், வெயிலின் கொடுமை என்று வாளாவிருந்துவிடாதீர்கள். அன்றே சர்க்கரையைச் சோதித்துப் பாருங்கள். விரல்நுனியின் ஒரு துளி இரத்தம் ஓர் உயிரைக் காக்கும்.