இடுப்பு முறிந்த முதியோரும் ஆயுட்கணிப்பும்

முதுமையில் இடறி விழுந்து இடுப்பு முறிந்தாரைக் குறித்து, "இனிப் பிழைப்பாரா?" என்று உற்றார் வினவுதல் உலக வழக்கு. இவ்வினாவுக்குச் சோதிடத்தின் துணையின்றிக் கணிதங்கொண்டு மருத்துவர் விடை காணும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இடுப்பு முறிவென்பது இடுப்புக் குழியை அடுத்துள்ள தொடையெலும்பின் மேற்பாகம் முறிதலாம். முறிவு மாத்திரம் உயிரைக் கவர்வது அரிது. படுக்கையிற் கிடத்தலால் நுரையீரலிற் சளி தேங்கிச் சுரம் காணும். முதுகிற் புண் உண்டாகும். கால் நாளங்களில் உறைந்த இரத்தம் நுரையீரலைச் சென்று அடைக்கும். முன்னரே நலிந்த உடல் இவற்றைத் தாங்காது.

காங்கேயத்தை அடுத்த கண்ணபுரத்து மாட்டுச் சந்தையிற் காளை கொள்வோர் ஓர் அடையாளத்தை மட்டும் நம்பார். பல், குளம்பு, நடை யாவும் நோக்கியே மதிப்பர். அவ்வாறே இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து மருத்துவர் 2008-இல் ஏழு அடையாளங்களைத் தெரிந்து, 10 புள்ளி கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டனர். வயது, ஆண் பெண் என்னும் பால், இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு, நினைவாற்றல், உடனுள்ள பிற நோய்கள், புற்றுநோய், முதியோர் விடுதியில் வாழ்தல் என்பன அவை. புள்ளி ஏறுந்தோறும் 30 நாட்களுக்குள் இறக்கும் அபாயமும் ஏறும்.

எனினும், நூற்றுவரில் இத்துணைப் பேர் என்று இக்கணக்குச் சொல்லுமேயன்றி, இன்னார் என்று சொல்லாது. மேலும், விடுதியில் வாழும் முதியோர் நம் நாட்டில் மிகச் சிலர். ஆதலின் அவ்வளவுகோல் நமக்கு அப்படியே பொருந்துமெனக் கொள்ளலாகாது.

அங்ஙனமாயின் இதனாற் பயன் யாது? ஆபத்து மிகுந்தோரை முன்னறிந்து காத்தலே. வயதைக் குறைக்க இயலாது. இரத்தக் குறைவை ஈடுசெய்யலாம், இதய நோயைக் கவனிக்கலாம். இங்கிலாந்தில் 2007-இல் இம்முறிவுக்கெனத் தேசியப் பதிவேடு தொடங்கி, எலும்பு மருத்துவரும் முதியோர் மருத்துவரும் கூடிச் சிகிச்சை செய்தலையும், தாமதமின்றி அறுவை செய்தலையும் மருத்துவமனைதோறும் கணக்கிட்டு ஒப்பிட்டனர். அந்நாட்டு மருத்துவமனைகளில் 30 நாள் மரணம் 2007-இல் நூற்றுக்கு 10.9 ஆக இருந்து, 2011-இல் 8.5 ஆகக் குறைந்தது. மாறியது முதியோரின் விதியன்று, பணிவிடையின் முறையே.

ஆகையால் நம் இல்லத்துப் பெரியோர் விழுந்து எழ இயலாராயின், கட்டுப் போட்டு நாட்கடத்தலும், வயதாயிற்றென்று கைவிடுதலும் தகா. அன்றே மருத்துவமனை சேர்த்து, அறுவைக்குப் பின் கூடிய விரைவில் அவரைக் கைப்பிடித்து எழுப்பி நடத்துதல் மக்கட்கும் பேரர்க்கும் உரிய கடனாம்.