கட்டுக்குள் வலிக்கும் கால்

2022 நவம்பர் 15ஆம் நாள், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் 17 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் உயிர் நீத்தார். இராணி மேரி கல்லூரியில் உடற்கல்வி பயின்றுவந்த அவர், கால்பந்து வீராங்கனை. பயிற்சியின்போது முழங்கால் ஜவ்வு கிழிந்ததற்காகப் பெரியார் நகர் அரசு புறநகர் மருத்துவமனையில் நவம்பர் 7 அன்று அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் போடப்பட்ட அழுத்தக் கட்டு இறுகியதால் காலில் இரத்த ஓட்டம் தடைப்பட்டது. பொது மருத்துவமனைக்கு மாற்றப்பட்டுக் கால் அகற்றப்பட்டும் அவரைக் காப்பாற்ற இயலவில்லை. மருத்துவர் இருவரை அரசு பணியிடைநீக்கம் செய்தது. விரைவில் களத்துக்குத் திரும்புவேன் என்று அவர் தம் தோழியருக்குக் கைப்பேசியில் பதிவிட்டிருந்ததை அந்நாளைய செய்தித்தாள்கள் எழுதின.

மருத்துவமனை நடத்தும் நாங்களே இதை எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் கன்னிவாடி வட்டாரத்தில் பந்தாடும் பிள்ளைகளின் பெற்றோர் இதனை அறிந்திருப்பது நன்று எனக் கருதுகிறோம்.

முதலில் ஓர் ஆறுதல். ஜவ்வுக் கிழிசல் தன்னளவில் உயிருக்கு ஊறு செய்வதன்று. தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகப் பிணைக்கும் இரு சிலுவை ஜவ்வுகளுள் முன்புறத்தது, ஓடும் வேகத்தில் சட்டென நின்று திரும்பும்போது கிழிகிறது. பெரும்பாலும் எவரும் மோதாமலேயே இது நேர்ந்துவிடும். ஆண்களைவிடப் பெண் வீராங்கனைகளுக்கு இது மிகுதி. வேறிடத்துத் தசைநார் ஒன்றை எடுத்து அங்கே பொருத்துவர். மீண்டும் ஆடுவதற்கு ஏறத்தாழ 9 மாதங்கள் முதல் ஓராண்டு வரை ஆகும். இந்திய அணியின் தற்காப்பு வீரர் சந்தேஷ் ஜிங்கனுக்கு 2019 அக்டோபரில் இதே ஜவ்வு கிழிந்து ஒரு பருவம் முழுதும் வீணாயிற்று. திரும்பிவந்து ஆடிய 2020-21 பருவத்துக்கு, அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரையே ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தது.

அப்படியானால் அம்மாணவிக்கு நேர்ந்தது என்ன? கீழ்க்காலின் தசைகள் விரிந்து கொடுக்காத உறைகளுக்குள் கட்டுக்கட்டாக அமைந்துள்ளன. உள்ளே வீக்கம் ஏறினாலோ, வெளியே கட்டு இறுகினாலோ அவ்வுறைக்குள் அழுத்தம் கூடி நுண்குழாய்களில் இரத்தம் ஓடாது. இதனைக் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்பர். சுமார் 6 மணி நேரம் இரத்தம் கிடைக்காத தசை மடியத் தொடங்கும். மடிந்த தசையிலிருந்து வெளியேறும் பொருள்கள் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையும் பிற உறுப்புகளையும் தாக்கும். காலில் தொடங்கிய கேடு உயிரைக் குடிப்பது இவ்வழியில்தான்.

கட்டைத் தளர்த்துவதும், தேவையெனில் உறையைக் கீறி அழுத்தத்தை விடுவிப்பதும் இதற்கான மருத்துவம். உரிய நேரத்தில் செய்தால் கால் பிழைக்கும். அந்த நேரம் கைவிட்டுப் போகாமல் இருப்பதில் படுக்கையருகே இருக்கும் உங்களுக்கும் பங்குண்டு.

அறுவைக்குப் பின் வலி இருப்பது இயல்பு; மருந்து கொடுத்தால் அது தணியும். தணியாமல் மணிக்கு மணி ஏறும் வலியே முதல் அறிகுறி. கால்விரலைப் பிறர் மெல்ல மேல்நோக்கி மடக்கும்போது கெண்டைக்காலில் வலி துடிக்கும். பின்னர் விரல்கள் மரத்துப்போகும், குளிர்ந்து வெளுக்கும் அல்லது நீலம் பாயும், அசைக்க வராது. மரத்துப்போகும் வரை காத்திருப்பது ஆபத்து. நாடி துடிக்கிறதே என்று நிம்மதி கொள்ளவும் வேண்டா. கடைசி வரை அது துடிக்கக்கூடும்.

“ஆபரேஷன் என்றால் வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்” என்று பெரியவர்கள் சொல்வதை வார்டுகளில் கேட்கிறோம். விளையாட்டுப் பிள்ளைகளோ வலியைப் பொறுத்துப் பழகியவர்கள், சொல்லவே மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும். செவிலியரை அழைத்து, “கட்டைத் தளர்த்திப் பாருங்கள், மருத்துவர் வந்து பார்க்க வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். வலி ஊசி மட்டும் போதும் என்று ஒப்பாதீர்கள். ஒருமுறை சொல்லியும் எவரும் வராவிடில் மறுமுறை சொல்லுங்கள். எங்கள் செவிலியர் அதனைத் தொந்தரவாகக் கொள்ளமாட்டார். கொண்டால், தலைமைச் செவிலியரிடம் கூறுங்கள்.

மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டுக் கட்டும், மாவுக்கட்டும் இதே தீங்கைச் செய்யக்கூடும். கட்டுப் போட்ட அன்றிரவு விரல்கள் வீங்கிக் கறுத்தால் மறுநாள் வரை பொறுத்திருக்கலாகாது.

வீடு திரும்பிய பிறகும் முதல் சில நாள்கள் விரல்களை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். ஐயம் எழுந்தால் காலை இதய மட்டத்தில் நீட்டி வைத்து, நள்ளிரவாயினும் 108ஐ அழையுங்கள். கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்துசேரும் நேரமும் அந்த 6 மணிக்குள் அடங்கியதே.