பிந்தி வரும் களைப்பு

நிலையாக நிறுத்திய மிதிவண்டிக் கருவியில் நோயாளரை அமர்த்தி, மூச்சுக் கவசம் பூட்டி, சுமையைச் சிறிது சிறிதாகக் கூட்டியபடி மிதிக்கச் சொல்கிறார்கள். உடல் எவ்வளவு உயிர்வளியை ஏற்கிறது, எந்தச் சுமையில் அந்த உயிர்வளி தசைகளுக்குப் போதாமற் போகிறது என்று அளக்கிறார்கள். மறுநாள் அதே கருவி, அதே சோதனை. நலமுடையவர் இரண்டாம் நாளும் ஏறத்தாழ முதல்நாள் அளவையே எட்டுவார். உடற்பயிற்சிப் பழக்கமே இல்லாதவரும் அப்படித்தான். நாட்பட்ட களைப்பு நோயுற்றோரிடம் ஆய்வாளர் பலர் கண்டது வேறு. இரண்டாம் நாளில் அவர்தம் திறன் சரிகிறது. நேற்றுத் தாங்கிய சுமை இன்று உடலை மீறுகிறது.

ஒரே நாளோடு சோதனையை நிறுத்தினால் இவ்வுண்மை கண்ணுக்குத் தப்பிவிடலாம். நோயின் உயிர்நாடியே இந்தப் பிந்தல்தான். உழைப்புக்கும் அதன் விளைவுக்கும் இடையே பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழிகிறது. பிறகு காய்ச்சல் கண்டாற்போல் மேல்வலி, தொண்டை நோவு, கழுத்துக் கணுக்களில் வலி, சொல் நினைவுக்கு வராத மந்தம். இந்நிலை சில நாள் நீடிக்கலாம். சில வாரமும் நீடிக்கலாம். அமெரிக்க மருத்துவக் கழகம் 2015இல் வகுத்த இலக்கணத்தில் இதைக் கட்டாய அறிகுறியாக வைத்தது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட செயற்குறைவும், உறங்கி எழுந்தும் தெளிவு பெறாமையும் உடன் வேண்டும். நினைவுத் தடுமாற்றமோ, எழுந்து நிற்கையில் மிகும் துன்பமோ ஒன்றேனும் இருத்தல் வேண்டும்.

தொற்று ஒன்றின் பின் இந்நோய் தொடங்குவது மிகுதி. நோயை உறுதிசெய்யும் ஒற்றைக் குருதிச் சோதனை இன்றுவரை இல்லை. முற்றாகக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை. இந்த இன்மையே நோயாளருக்கு இரண்டாம் நோயாயிற்று. 1955இல் இலண்டன் இராயல் ஃபிரீ மருத்துவமனையில் ஏறத்தாழ முந்நூறு பேர், பெரும்பாலும் அங்குப் பணியாற்றியோர், இத்தகைய நோயில் வீழ்ந்தனர். மருத்துவமனையையே மூட நேர்ந்தது. 1970இல் உளமருத்துவர் இருவர், நோயாளர் எவரையும் நேரிற் காணாது, பழைய குறிப்பேடுகளை மட்டும் புரட்டி, இது கூட்டு மனக்கலக்கம் என்று எழுதினர். பாதிக்கப்பட்டோரில் பெண்களே மிகுதி என்பதும் அவர்கள் காட்டிய சான்றுகளுள் ஒன்று! மனம் பொறாத செய்தி இது.

2011இல் பிரித்தானியாவில் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் நலம் பெறலாம் என்றது. ஆய்வின் மூலத்தரவுகள் 2016இல் தீர்ப்பாய ஆணையால் வெளிவந்தபின், மறுகணக்கிட்டோர் அந்த முடிவு வலுவற்றது என்று காட்டினர். 2021இல் இங்கிலாந்தின் நலவாழ்வு வழிகாட்டு நிறுவனம், குறித்த அளவிற் பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் முறையை இந்நோய்க்கு அளிக்கலாகாது என்று திருத்திக்கொண்டது. அதற்குள் எத்தனையோ பேர், முயன்றால் முடியும் என்ற சொல்லை நம்பி நடந்து நடந்தே படுக்கையில் வீழ்ந்திருந்தனர்.

ஆகவே, இந்நோயோடு வாழ்வதில் முதற் பாடம் களைக்குமுன் நிறுத்துதல். களைத்தபின் எடுக்கும் ஓய்வு காலங்கடந்தது. குளிப்பதற்கு முக்காலி, காய் நறுக்குவதற்கு நாற்காலி. தலைக்குக் குளிக்கும் நாளில் வேறு வேலை இல்லை. நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் பலருக்குத் துணை: துடிப்பு தமக்குரிய வரம்பைத் தாண்டியதும் அமர்ந்துவிடுகிறார்கள். படித்தலும் பேசுதலும் உழைப்பே என்று கணக்கில் வைக்க வேண்டும். துயரமும் ஆற்றலைத் தின்னும். மிகக் கடினமானது நல்ல நாளில் அடங்கியிருப்பது. உடல் தெளிந்த காலையில், நிலுவை வேலை அனைத்தையும் முடித்துவிட வேண்டும் என்ற ஆவல் எழும். அந்த ஒரு காலை ஒரு கிழமையையே விழுங்கிவிடக்கூடும். நின்றால் தலை சுற்றுவோர்க்கு நீரும் உப்பும் மிகுத்தல், இறுக்கக் காலுறை முதலியவற்றை மருத்துவர் அறிந்து சொல்வார். உறக்கக் கேட்டையும் வலியையும் தனித்தனியே தணிக்கலாம். அவ்வளவில் வாழ்வு சற்றே விரியும்.

அமெரிக்க எழுத்தாளர் லாரா ஹில்லன்பிராண்டு 1987 முதல் இந்நோயோடு வாழ்பவர். போர்க்கைதி ஒருவரின் வரலாற்றை அவர் எழுதியது தொலைபேசி வழியே கேட்டு. நூலகச் சுருட்படங்கள் ஓடுவதைப் பார்த்தாலே தலை சுழன்றதால், பழைய செய்தித்தாள்களையே விலைக்கு வாங்கி வீட்டில் விரித்துப் படித்தார். உடலை மாற்ற முடியாதபோது வேலையின் வடிவத்தை மாற்றினார்.

எல்லார்க்கும் அவ்வளவு வாய்ப்பதில்லை. நோயுற்றோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வீட்டை விட்டோ படுக்கையை விட்டோ வெளிவர முடியாதவர் என்று மதிப்பிடுகின்றனர். அவர்தம் அறையில் ஒளியும் ஓசையும் கூடச் சுமை. அங்கே நலம் வினவச் செல்வோர் சுருங்கப் பேசி விரைவில் விடைபெறல் வேண்டும். அவர் முகமலர்ந்து பேசினார் என்பதை நலமாகக் கொள்ளாது, இரு நாள் கழித்து வீட்டாரிடம் கேட்டறிதல் வேண்டும்.