லைட் எரியாத பெட்டியும் இரண்டு கேபிளும்

சனிக்கிழமை காலை ஏழரை மணி. ஸ்காபரோவில் நாங்கள் இன்னும் தேத்தண்ணி குடித்து முடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் டீச்சருக்கு மாலை ஐந்து. மகள் டேப்லெட் முன்னால் வயலினோடு இருக்கிறாள். மூன்று கிழமையாக டீச்சர் சொல்வது ஒன்றுதான்: "பிள்ளை, கமகம் கேக்கேல்லை. இன்னொருக்கா வாசியுங்கோ பாப்பம்."

பக்கத்தில் இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது. வகுப்பு முடிந்ததும் மகள் வயலினைப் பெட்டிக்குள் வைத்தாள். "நான் வாசிக்கிறன்தானே அப்பா. எனக்கு இனி இந்த கிளாஸ் வேண்டாம்."

பிழை பிள்ளையிலும் இல்லை, டீச்சரிலும் இல்லை. வீடியோ அழைப்புச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நீண்டு ஒலிக்கும் சுரத்தை விசிறிச் சத்தம் என்று நினைத்து அமத்திவிடும். சில செயலிகளில் இதை நிறுத்த ஒரு செட்டிங் உண்டு. முதலில் அதைத் தேடுங்கள், காசு செலவில்லை. எங்களுக்கு அது மட்டும் போதவில்லை. ஆகவே ஒரு நல்ல மைக்கும், அதை டேப்லெட்டோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டியும் வாங்கினேன். டேப்லெட்டில் யூஎஸ்பி-சி, பெட்டியிலும் யூஎஸ்பி-சி. பிறகென்ன?

இரண்டு பக்கமும் சி உள்ள கேபிளைச் செருகினேன். லைட் எரியவில்லை. திருப்பிச் செருகினேன். வேறு கேபிள் போட்டேன். ம்ஹூம். பெட்டி பழுது என்று முடிவு கட்டி, கடையில் திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்துவிட்டேன். அன்றிரவு ஏதோ யோசனையில், பெட்டியோடு வந்த கேபிளால் என் பழைய லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். உடனே எரிந்தது!

விஷயம் இதுதான். 2014இல் வந்த யூஎஸ்பி-சி என்பது செருகும் வாயின் வடிவம் மட்டுமே. பழைய, தட்டையான ஏ வாய் எதைச் செருகினாலும் 5 வோல்ட் கொடுத்துவிடும். சி வாய் அப்படியில்லை. மறுபக்கத்தில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மின்சாரத்தைத் திறக்கும். சில சத்தம் போடும் பெட்டிகளிலும் கீபோர்டுகளிலும் சில சதக் காசை மிச்சம் பிடிக்க அந்த ரெசிஸ்டரைப் போடாமலே விட்டிருப்பார்கள். அப்படியான கருவி சி-க்கு-சி கேபிளில் செத்த மாதிரிக் கிடக்கும், ஏ-க்கு-சி கேபிளில் உயிர் பெறும். தீர்வு சுலபம்: கருவியோடு வந்த ஏ-க்கு-சி கேபிளை எடுத்து, ஏ முனையில் ஒரு சின்ன அடாப்டரை (ஒருபக்கம் சி, மறுபக்கம் ஏ ஓட்டை) மாட்டி டேப்லெட்டில் செருகுங்கள். தேவையான ரெசிஸ்டர் அந்த அடாப்டருக்குள் இருக்கிறது. எங்கள் முழுப் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

லைட் எரிகிறது, ஆனால் டேப்லெட் கருவியைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். வீட்டு லாச்சியில் கிடக்கும் கேபிள்களில் சில சார்ஜ் மட்டுமே செய்யும். தகவல் போகும் கம்பியே உள்ளே இருக்காது. அந்தக் கேபிளால் டேப்லெட்டை ஒரு கம்ப்யூட்டரில் இணைத்துப் பாருங்கள். சார்ஜ் ஏறியும் கம்ப்யூட்டருக்கு டேப்லெட் தெரியாவிட்டால், அதைச் சார்ஜுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விலை கூடிய, வேகமான கேபிள் தேவையே இல்லை. வயலின் ஒலிக்கு யூஎஸ்பி 2.0 தாராளம்.

லைட் எரிந்து எரிந்து அணைந்தால் மின்சாரம் போதவில்லை. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் கொடுக்க வேண்டியிருப்பதால் பெட்டி டேப்லெட்டிடம் கூடுதலாக உறிஞ்சும். சார்ஜர் செருகக்கூடிய ஒரு ஹப் இடையில் வையுங்கள்.

டிஜிட்டல் பியானோ வைத்திருக்கும் வீடுகளுக்கு வேறொரு தலையிடி. பின்பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு யூஎஸ்பி வாய்கள் இருக்கும். 'டு டிவைஸ்' என்பது பென் டிரைவுக்கு. 'டு ஹோஸ்ட்' என்ற சதுர வாய்தான் டேப்லெட்டுக்கு. அதிலும் பல பியானோக்கள் மிடி தகவலை மட்டுமே அனுப்பும். எந்தக் கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினாய் என்பது போகும், சத்தம் போகாது. டீச்சருக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று கேபிளாக வாங்கிக் குவிக்காமல், யூஎஸ்பி வழியே ஆடியோவும் போகுமா என்று கையேட்டில் பாருங்கள்.

இன்னொன்று, நான் மாட்டுப்பட்டது. பெட்டியை இணைத்ததும் டேப்லெட் வாய் மூடிக்கொண்டது! டீச்சரின் குரலும் பெட்டி வழியாகத்தான் வரும். ஹெட்ஃபோனைப் பெட்டியில் செருக வேண்டும். எந்த மைக் வேலை செய்கிறது என்று அறிய, ஏதாவது ரெக்கார்டிங் செயலியைத் திறந்து, முதலில் வெளி மைக்கையும் பிறகு டேப்லெட்டையும் நகத்தால் தட்டுங்கள். திரும்பப் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். இதையெல்லாம் வெள்ளி இரவே செய்துவிடுங்கோ, வகுப்புக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் அல்ல.

அடுத்த சனி மகளை ஒருமாதிரிச் சமாளித்து உட்கார வைத்தேன். தோடி வாசித்தாள். டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"இப்ப வடிவாக் கேக்குது பிள்ளை. அந்தக் காந்தாரம் பிழை. திருப்பி வாசியுங்கோ."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு வில்லை எடுத்தாள்.